ஆட்டக்காரரின் வாழ்வை எதைக்கொண்டு அளப்பது? கோட்டா ராமசாமி, எம்.ஜே. கோபாலன், 1936

1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இந்தியாவின் மூன்றாவது டெஸ்ட் போட்டி தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையில் சென்னையைச் சேர்ந்த இருவர் நிற்கிறார்கள். ஒருவர் கோட்டா ராமசாமி. நாற்பது வயதைக் கடந்த நிலையில் ஓவலில் தம் இரண்டாவது டெஸ்டை ஆடினார். அதுவே கடைசியும் ஆயிற்று. மற்றவர் எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட் பயணக் குழுவில் இடம்பெற்றிருந்தும் அந்தத் தொடரின் ஒரு டெஸ்டிலும் அவர் களமிறக்கப்படவில்லை. ஹாக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அன்று அவர் பெர்லினில் இருந்திருக்கக்கூடும்.

புள்ளிவிவர ஏடுகளில் இவ்விருவரும் ஆளுக்கு ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறார்கள். ராமசாமி: 2 டெஸ்ட், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. கோபாலன்: 1 டெஸ்ட், 1 விக்கெட். எண்கள் பிழையற்றவை. ஆனால் அவற்றை ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கைச் சுருக்கமாக வாசிக்கும்போது பிழை நேர்கிறது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சென்னையில், இன்று நாம் பொருள்கொள்ளும் வகையிலான ஒரு 'கேரியர்' விளையாட்டு வீரருக்கு இருக்கவில்லை. அவருக்கு இருந்தவை வாய்ப்புகள் மட்டுமே. அந்த வாய்ப்புகளை வழங்கியவை குடும்பம், மன்றம், வேலை தந்த நிறுவனம், அணியை ஆண்ட புரவலர் ஆகியவை. எனவே இக்காலத்து ஆட்டப் பதிவுகள் திறமையை அளப்பதைக் காட்டிலும் வாய்ப்பையே மிகுதியும் அளக்கின்றன. இப்பதிவில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் சொற்கள். 'கேரியர்' என்பதற்குத் தமிழில் தொழில்வாழ்க்கை, பணிவாழ்வு என்கிறோம். இரண்டும் பிழைப்பைச் சுட்டும் சொற்கள். விளையாட்டால் பிழைக்காத ஒருவரின் இருபதாண்டு விளையாட்டைக் குறிக்க இவை உதவா. 'விளையாட்டு' என்ற சொல்லோ எதிர்த்திசையில் இழுக்கிறது. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்று பொருள். 'ஆடு' என்னும் வினை இவ்விரண்டிலும் நடுநிலையானது. கூத்தையும் நடனத்தையும் பந்தாட்டத்தையும் அது ஒன்றாகவே தழுவுகிறது. நீராடு, போராடு, வேட்டையாடு, சொல்லாடு என்று உடலும் உள்ளமும் முனைந்து ஈடுபடும் செயல்களுக்குத் துணைவினையாகவும் வருகிறது. நான் வசிக்கும் ஆலுவாவில் நாள்தோறும் காதில் விழும் மலையாளத்தின் 'களி'யும் இத்தகையதே. கதகளியிலும் களி உண்டு, கிரிக்கெட்டும் களியே. ஆகவே 'ஆட்டக்காரர்' என்ற சொல்லையே இங்குப் பயன்படுத்துகிறேன். அதில் ஊதியமும் இல்லை, அற்பமும் இல்லை.

இதே 1936ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை எவ்வாறு திரும்பியது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நார்வேயின் சோன்யா ஹெனி, பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றவர்; 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் பெற்றவர். தந்தை வசதி படைத்த கம்பளித்தோல் வணிகர். மகளின் பயிற்சிக்கும் பயணத்துக்கும் குடும்பமே செலவிட்டது. 1936இல் தொழில்முறைசாராப் போட்டிகளிலிருந்து விலகி, அமெரிக்காவில் கட்டணம் பெறும் பனியாட்டக் காட்சிகளுக்கும் ஹாலிவுட் திரைப்படங்களுக்கும் அவர் சென்றார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே டென்னிஸில் பிரான்சின் சூசான் லாங்லென் அத்தகைய மாற்றத்தைச் செய்திருந்தார். குடும்பப் பணத்தில் தொடங்கிய ஆட்டம் சந்தையில் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு 'கேரியர்' என்ற சொல் பொருந்துகிறது. அக்காலச் சென்னையில் முதற்பகுதி மட்டுமே இருந்தது. ஆட்டத்தைப் பிழைப்பாக மாற்றித் தரும் சந்தை இருக்கவில்லை.

ராமசாமியின் முதற்பகுதி ஏனையோருக்குக் கிட்டாத ஒன்று. அவர் 1896 ஜூன் 16 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை, தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சி பாபு நாயுடு. தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் கோட்டா என்னும் பெயர் வந்தது. சேப்பாக்கம் மைதானம் அன்று 1846இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. அது ஐரோப்பியர்களுக்கான மன்றம். இந்தியர்கள் ஆடுவதற்கென்றே 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கியவர் புச்சி பாபு. இந்தியர்களும் ஐரோப்பியர்களும் நேருக்கு நேர் மோதும் போட்டிக்கு அவர் முயன்றார். 1908 இறுதியில் அதற்கு ஏற்பாடும் ஆகியிருந்தது. ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னர் அவர் காலமானார். ராமசாமிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்போட்டியே பின்னர் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடைபெறும் பிரசிடென்சி மேட்சாக வளர்ந்தது. தமையன்மார் வெங்கடராமானுஜுலுவும் பாலையாவும்கூடக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களே. மட்டையும் மைதானமும் தோழர்களும் வீட்டிலேயே கிடைத்த சிறுவன் அவர் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அத்தகைய ஒருவர் உலக அரங்கை முதலில் எட்டியது கிரிக்கெட்டால் அன்று, டென்னிஸால். முதல் உலகப் போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கச் சென்ற ராமசாமி அங்கு டென்னிஸில் 'ப்ளூ' பெற்றார். இந்தியா டேவிஸ் கோப்பையில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921இல். அந்த ஆண்டு பாரிஸில் பிரான்சை வென்று வியப்பூட்டிய பின் ஜப்பானிடம் தோற்றது. மறு ஆண்டு, 1922இல், இந்திய அணியில் ராமசாமி இடம்பெற்றார். இந்தியா ருமேனியாவை வென்று, அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது. இந்த அணிகளின் அமைப்பைக் கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். அன்றைய இந்திய டேவிஸ் கோப்பை அணிக்குப் பெரிதும் கைகொடுத்தவர்கள், படிப்புக்காகவோ பணிக்காகவோ இங்கிலாந்தில் இருந்தவர்களும் அங்குச் சென்றுவரும் வசதி உடையவர்களும்தாம். கடற்பயணத்துக்கே வாரங்கள் ஆகும் காலத்தில், தேர்வு என்பது எல்லோரையும் பார்த்துச் சிறந்தவரைப் பொறுக்கி எடுப்பதாக இருக்க இயலாது. இருக்கும் இடமும் ஒரு தகுதி.

ஊர் திரும்பிய பின் ராமசாமி டென்னிஸும் ஆடினார், கிரிக்கெட்டும் ஆடினார். இடக்கை மட்டையாளரான அவருக்குச் சென்னையில் ஆண்டின் பெரிய நிகழ்வு பிரசிடென்சி மேட்ச்தான். மாகாணங்களுக்கு இடையிலான ரஞ்சி கோப்பை 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸ், மைசூர் அணிகளின் ஆட்டத்துடன் தொடங்கியது. கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48, 59 என்று சுருண்டது. மெட்ராஸ் 130 எடுத்து ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. ஏ.ஜி. ராம் சிங் அந்த ஒரு நாளில் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது ராமசாமிக்கு வயது 38. இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுப் போட்டி தொடங்குவதற்குள் ஓர் ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகளெல்லாம் அவருக்குக் கழிந்துவிட்டிருந்தன.

டெஸ்ட் வாய்ப்பின் கணக்கு இன்னும் கடுமையானது. இந்தியா முதல் டெஸ்டை ஆடியது 1932இல். அந்த ஆண்டு ஒன்று, 1933-34இல் இங்கிலாந்து அணி இங்கு வந்தபோது மூன்று, 1936இல் மூன்று. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இந்தியா ஆடிய டெஸ்டுகள் மொத்தம் ஏழு. அதன்பின் 1946 வரை ஒன்றுகூட இல்லை. 1896இல் பிறந்தவருக்கு இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை 'இந்திய டெஸ்ட் ஆட்டக்காரர்' என்ற ஒரு நிலையே உலகில் இல்லை. 1909இல் பிறந்த கோபாலனுக்கு 1936இல் 27 வயது. இந்தியா அடுத்த டெஸ்டை ஆடும்போது 37.

1936ஆம் ஆண்டுப் பயணம் புரவலர்களின் ஆதிக்கத்துக்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார் என்னும் விஸ்ஸி. மூன்று டெஸ்டுகளின் ஆறு இன்னிங்ஸில் அவர் எடுத்தவை 33 ஓட்டங்கள். அப்பயணத்தின்போதே அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் சதம் அடித்தவரான லாலா அமர்நாத், பயணத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த நிலையிலேயே, ஒழுங்கு மீறினார் என்ற காரணம் காட்டி முதல் டெஸ்டுக்கு முன்னரே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் அடுத்த டெஸ்ட் ஆடப் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இந்தச் சூழலில்தான் ஜூலை 25 அன்று மான்செஸ்டரில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் ராமசாமிக்கு இடம் கிடைத்தது. வயது நாற்பதைக் கடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதிர்ந்த வயதில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியவர்களின் வரிசையில், 1933இல் நாற்பத்தொரு வயதில் ஆடிய ரஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜிக்கு அடுத்து அவரே நிற்கிறார். முதல் இன்னிங்ஸில் இந்தியா 203க்கு ஆட்டமிழந்தது. ராமசாமியின் பங்கு 40. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 எடுத்து நிறுத்திக்கொண்டது. இரண்டாம் இன்னிங்ஸில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தனர்; ராமசாமி 60 எடுத்தார்; ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஓவலில் அவர் 29, ஆட்டமிழக்காமல் 41. நான்கு இன்னிங்ஸிலும் பயன்படும் அளவுக்கு ஓட்டம் சேர்த்தவரை இந்தியா மீண்டும் அழைக்கவில்லை. அழைப்பதற்கு டெஸ்டே இருக்கவில்லை.

56.66 என்ற சராசரியை இரு வகையில் தவறாக வாசிக்கலாம். 'இளமையில் வாய்ப்புக் கிடைத்திருந்தால் உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவராகியிருப்பார்' என்பது ஒன்று. நான்கு இன்னிங்ஸைக்கொண்டு அவ்வளவு பெரிய மாளிகை கட்ட இயலாது. 'இரண்டே டெஸ்ட், ஆகவே பொருட்படுத்தத் தக்கதன்று' என்பது மற்றொன்று. ஏழே டெஸ்டுகள் நடந்த ஒரு காலத்தில் இரண்டு என்பது சிறிய பங்கு அன்று. முதல் வாசிப்பு திறமையை ஊதிப் பெருக்குகிறது. இரண்டாவது அதைத் தேய்க்கிறது. இரண்டுமே வாய்ப்பின் அளவைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன.

கோபாலனின் கதை வேறொரு வாயிலைக் காட்டுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்த அவருக்கு ராமசாமிக்கு வாய்த்த வீடு வாய்க்கவில்லை. அவரது வேகப்பந்து வீச்சைக் கண்டு முன்னுக்குக் கொண்டுவந்தவர் சென்னை ஐரோப்பியர் அணியின் சி.பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த அவர், கோபாலனுக்கு அங்கேயே வேலையும் பெற்றுத் தந்தார். பொங்கல் ஆட்டத்தில் எதிரணியில் நிற்பவரே அலுவலகத்தில் மேலாளாக இருக்கும் இவ்வுறவைக் காலனிய ஒடுக்குமுறை என்றோ பெருந்தன்மை என்றோ ஒரே சொல்லில் அடக்க இயலாது. மாதச் சம்பளமும் ஆட்டத்துக்கு விடுப்பும் ஒருங்கே கிடைக்கும் வேலைதான், பெருங்குடும்பப் பின்புலம் இல்லாத ஒருவரைக் களத்தில் நிறுத்தியது. பின்னாளில் வங்கிகளும் ரயில்வேயும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த முறையின் முன்வடிவம் இது.

கோபாலன் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் ஒரே டெஸ்டை ஆடினார். 1935இல் தியான் சந்த் இடம்பெற்ற இந்திய ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்று வந்தார். 1936இல் இரு வாய்ப்புகளும் ஒரே கோடைக்காலத்தில் எதிரெதிரே வந்தன. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பெர்லின் தங்கத்தை அறிந்த நமக்கு இது தவறான தேர்வாகத் தோன்றுகிறது. அவ்வாறே இது பலமுறை சொல்லப்பட்டும் வருகிறது. விளைவை அறிந்தபின் தேர்வை எடைபோடும் இப்பழக்கத்தை வரலாற்று மாணவர்கள் தவிர்க்க வேண்டும். 1936இன் தொடக்கத்தில் நின்று பார்த்தால், இங்கிலாந்துப் பயணம் என்பது மூன்று டெஸ்டுகளும் கோடை முழுதும் மாவட்ட அணிகளுடன் ஆட்டங்களும் ஆகும். டெஸ்ட் ஆடிய அனுபவமுள்ள 27 வயது வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் அங்குத் தமக்கு இடம் உண்டு என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை. தேர்வு அவருடையது, களமிறக்கும் அதிகாரம் பிறருடையது. அந்த இடைவெளிதான் இக்காலத்து ஆட்டக்காரர் வாழ்வின் உண்மையான வடிவம்.

சென்னைக்கு வெளியேயும் இதே வடிவத்தைக் காணலாம். பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான், சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இலண்டன் சென்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சதுரங்கப் பட்டத்தை வென்றார்; கப்பாபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். புரவலர் ஊர் திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்துடன் அவரது சர்வதேச ஆட்டம் முடிந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர். பம்பாயின் லீலா ராவ் 1934இல் விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி. தாய் க்ஷமா ராவ் வடமொழி எழுத்தாளர், தாமும் டென்னிஸ் ஆடியவர். நாட்டியம் குறித்து நூல் எழுதிய லீலா ராவ், 'ஆடு' என்னும் வினையின் இரு பொருளையும் ஒருசேர வாழ்ந்தவர் எனலாம். புரவலர், குடும்பம், அலுவலகம் என்று வாயில்கள் வேறுபட்டாலும், வாயில் இல்லாமல் யாரும் உள்ளே வரவில்லை.

வாயில் திறந்தும் முழுதும் உள்ளே விடப்படாதவர் ராம் சிங். ரஞ்சியின் முதல் நாளிலேயே 11 விக்கெட் எடுத்த அவருக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் வாய்ப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னர் டெஸ்ட் ஆடினர். வாயிலே இல்லாத ஊர்களும் இருந்தன. தலைச்சேரி பழைய கிரிக்கெட் ஊர்; ஆனால் மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம் என்பதால் அவ்வூர் ஆட்டக்காரர் மேலே செல்லும் வழி சேப்பாக்கம் வழியாகவே சென்றது. கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களின் நிலை வேறு. திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சி கோப்பையில் முதன்முதலாக ஆடியது 1951-52இல். இரு போர்களுக்கு இடையில் பெரியாற்றங்கரையில் நன்றாகப் பந்து வீசிய ஒருவர் இருந்திருந்தால், அவரது ஆட்டம் பதிவாவதற்கு ஓர் ஏடுகூட இருந்திராது. ராமசாமிக்கு ஒரு வரியேனும் வாய்த்ததற்குக் காரணம் திறமை மட்டும் அன்று என்பதை இந்த வெற்றிடம் உணர்த்துகிறது.

பின்னாளில் ராமசாமி தேசியத் தேர்வாளராகவும், 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் பணியாற்றினார். தமக்கு வாயில் திறந்து மூடிய அதே அமைப்பின் உட்புறத்தில் அவரும் அமர்ந்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு 'ரேம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்'. விளையாட்டுப் பித்தன் ஒருவனின் அலைவுரை என்று அதைத் தமிழாக்கலாம். வீரன், சாதனையாளன், சாம்பியன் என்ற சொற்களை அவர் நாடவில்லை. பிழைப்பாகவும் அமையாமல், பொழுதுபோக்காகவும் அடங்காமல் இருந்த ஒன்றுக்குப் பித்து என்று பெயரிட்டார். நம் அகராதிகள் தடுமாறும் இடத்தில் அவரது சொல் துல்லியமாக அமர்ந்திருக்கிறது.

1985 அக்டோபர் 15 அன்று, 89 வயதில், சென்னை அடையாற்றில் உள்ள தம் வீட்டிலிருந்து வெளியே சென்ற ராமசாமி திரும்பி வரவில்லை. பிறந்த நாளும் இறந்த நாளும் இட்டு நிரப்ப வேண்டிய விஸ்டன் ஏட்டுக்கு இது ஒரு சிக்கலாயிற்று. இறந்ததாகக் கருதப்படுகிறார் என்ற குறிப்புடன் அவரது வரி நின்றது. இம்மறைவைப் புதிர்க்கதையாக்கி அவரை நினைவுகூர்வோர் மிகுதி. அவரது ஆட்டத்தை நினைவுகூர்வோர் குறைவு. கோபாலன் 2003 வரை வாழ்ந்தார். சென்னை, இலங்கை அணிகளுக்கு இடையே 1950களில் தொடங்கிய போட்டி அவர் பெயரால் கோபாலன் கோப்பை எனப்பட்டது. புச்சி பாபு பெயரிலான போட்டி இன்றும் நடக்கிறது. கோப்பைகளில் பெயர் நிலைப்பதும் ஒருவகைப் பதிவே.

விளையாட்டு வரலாற்றில் ஆய்வு செய்ய எண்ணும் மாணவ நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. ஓட்டப் பட்டியலுடன் நின்றுவிடாதீர்கள். அதன் அருகில் வைத்து வாசிக்க வேண்டியவை மன்றங்களின் கூட்டக் குறிப்புகள், கல்லூரி ஆண்டு மலர்கள், நிறுவனங்களின் பணியாளர் இதழ்கள், விடுப்பு ஆணைகள் ஆகியவை. குறிப்பாகத் தமிழ் நாளிதழ்கள். சுதேசமித்திரன் அப்போது நன்கு நிலைபெற்ற ஏடு. தினமணி தொடங்கியது 1934 செப்டம்பரில், ரஞ்சி கோப்பையின் முதல் பந்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர். பொங்கல் ஆட்டத்தையும் 1936 பயணத்தையும் அவை எந்தச் சொற்களால் எழுதின, ஆட்டக்காரர்களை எப்படி அழைத்தன, அவர்களது வேலையைக் குறிப்பிட்டனவா என்று ஒரு முதுகலை ஆய்வேட்டின் அளவுக்குத் தேடிப் பார்க்கலாம். மொழியியலுக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரப் பயன்படும் வேலை அது. யாரேனும் தொடங்கினால், பழைய இதழ்களை நுண்படச்சுருளில் வாசிக்கும் அலுப்பான பகுதியைப் பகிர்ந்துகொள்ள ஆலுவாவிலிருந்து புறப்பட்டு வர நான் அணியமாக இருக்கிறேன்.